உன்னை முதலில் தூக்கியவள்

என் மகனுக்கு,

நீ வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் பாதியிலேயே எனக்குக் கோபம் வரும், உனக்குச் சிரிப்பு வரும், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். கல்யாணப் பத்திரிகை அடித்து வந்த நாளிலிருந்து தெருவில் எல்லோருக்கும் நான்தான் வேடிக்கை. "இன்னாக்கா, புள்ள கை மாறப் போவுது, வவுறு எரியுதா?" என்று எதிர்வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நாலு பேர் முன்னால் கேட்கிறாள். எரிகிறதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பார்த்து இல்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் ஹாஸ்டல் அறையை ஐந்தாறு பேரோடு பகிர்ந்துகொண்டு, ஷிப்டும் ஓ.டி.யுமாக நின்றே காலம் தள்ளுகிற பெண். போன் செய்யும்போதெல்லாம் "அத்தை, சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" என்று முதலில் என்னைத்தான் கேட்கிறது. அந்தப் பெண்மேல் எனக்கு என்ன வயிற்றெரிச்சல்? நான் எரிந்துகொண்டிருப்பது லூர்துமேரியைப் பார்த்து. உனக்குத்தான் அவள் லூர்தம்மா. எனக்கு அவள் வெறும் லூர்துதான்.

பத்திரிகையைக் கோயில் பீடத்தில் வைத்து ஃபாதர் மந்திரித்துக் கொடுத்தார். அடுத்தது உன் தாய்மாமன் வீடு என்று நான் நூறு தடவை சொல்லி அனுப்பினேன். நீ என்ன செய்தாய்? பூ, பழம், கற்கண்டு எல்லாம் வாங்கிக்கொண்டு சேரப்பணஞ்சேரியிலிருந்து நேராக மண்ணூருக்கு வண்டியை விட்டாய். லூர்து வீட்டு வாசலில் நின்று, தட்டை இரண்டு கையாலும் நீட்டி, காலில் விழுந்து எழுந்தாயாம். இதை நீ வந்து சொல்லவில்லை. என் அண்ணன் காதுக்கு யார் மூலமாகவோ போய், அவன் எனக்குப் போன் போட்டு, "தாய்மாமன் நான் உயிரோடகீறேன்னு உம்புள்ளைக்கு ஞாபகம் கீதா?" என்று கத்தியபோதுதான் எனக்குத் தெரியும். உன்னைக் கேட்டால், "மா, அவங்க இல்லன்னா அந்த மியூசியமே இல்லம்மா" என்றாய். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிப்போனதற்குக் காரணம் அதுதான்.

உன் மியூசியம்மீதே எனக்குப் பொறாமை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் கார் கம்பெனிகள் வருவதற்கு முன்பே இருந்த பவுண்டரி அது. கிணற்று பம்பு, சாக்கடை மூடி, லாரிக்கு பிரேக் டிரம் என்று இரும்பை உருக்கி ஊற்றித் தள்ளிய இடம். உன் அப்பா உலைப் பக்கம் வேலை பார்த்தார், நான் கோர் ரூமில் இருந்தேன். மூடிய பிறகு புதர் மண்டிக் கிடந்தது. இடத்தை வாங்கியவர்கள் ஷெட்டை இடிக்காமல் பெயிண்ட் அடித்து, விளக்குப் போட்டு, டிக்கெட் கவுன்ட்டர் வைத்து, உன்னையும் வேலைக்கு வைத்தார்கள். நீ சந்தோஷமாகப் போனாய். அங்கே கோர் வேகவைக்கிற பழைய அடுப்பு ஒன்று இருக்கிறதே, அதைத் தினமும் நீயே துணி போட்டுத் துடைக்கிறாயாம். வீட்டில் உன் சாப்பாட்டுத் தட்டை நீ கழுவி நான் பார்த்ததில்லை. வேலை செய்தவர்கள் வீடு வீடாகப் போய் ரெக்கார்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். லூர்து வீட்டில் அரை நாள் உட்கார்ந்தாய், சாப்பிட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாய். என்னிடம் கேட்டது ஷூ மாட்டிக்கொண்டே. "மா, நீயும் கொஞ்ச நாள் அங்க இருந்தல்ல, எதனா ஞாபகம் கீதா?" என்றாய். "இன்னா ஞாபகம், மணல்தான்" என்றேன். "சரிம்மா" என்று வண்டியை எடுத்துவிட்டாய். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை.

கொஞ்ச நாள் என்கிறாயே, அந்தக் கொஞ்ச நாளில் என் கை போட்ட கோர் ஒன்றுகூட உடைந்ததில்லை. பம்பு என்றால் உள்ளே தண்ணீர் ஓட வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடத்தின் அளவுக்கு மணலும் எண்ணெயும் பிசைந்து ஓர் உருவம் செய்து, அச்சுக்குள் வைத்துவிட்டால், இரும்பு அதைச் சுற்றி நிற்கும். ஆறிய பிறகு மணலைத் தட்டிக் கொட்டிவிடுவார்கள். அதுதான் கோர். அதைச் செய்தது முழுக்கப் பெண்கள். நீ பிறந்தபின் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நான் நின்றுவிட்டேன். என் மேஜையில் லூர்து உட்கார்ந்தாள். பவுண்டரி மூடுகிறவரை உட்கார்ந்திருந்தாள், கடைசியில் கோர் ரூமுக்கே மேஸ்திரி ஆனாள். இப்போது மியூசியத்திலும் அவள்தான், வருகிற பிள்ளைகளுக்கு வாரத்தில் பாதி நாள் கோர் செய்து காட்டுகிறாள். அவளுக்கு மூன்று பையன்கள் இருக்கிறார்கள். என்னுடைய ஒன்றும் எதற்கு அவளுக்கு?

அண்ணன் போன் போட்ட மறுநாள் நான் அங்கே போனேன். உனக்குத் தெரியாது. நீ எத்தனையோ தடவை கூப்பிட்டபோதெல்லாம் கால்வலி என்று சொன்னவள், ஷேர் ஆட்டோ பிடித்து, டிக்கெட் வாங்கி, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பின்னால் நுழைந்தேன். உலைக்குள் சிவப்பு விளக்கு எரிகிறது, ஸ்பீக்கரில் நெருப்புச் சத்தம் வருகிறது, ஒரு பொட்டுச் சூடு இல்லை. உன் அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். கோர் ரூமில் லூர்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை, கண்ணாடி, கழுத்தில் அடையாள அட்டை. பிள்ளைகளுக்குப் பச்சைக் கோர் தூக்கி நடக்கக் கற்றுக்கொடுத்தாள். அடுப்பில் வேகாத கோர்தான் பச்சைக் கோர். மூச்சுப் பட்டாலே உதிர்ந்துவிடும். அதைத் தகட்டில் வைத்து, இரண்டு முன்கையிலும் ஏந்தி, காலைத் தேய்த்துத் தேய்த்து அடுப்புவரை போக வேண்டும். "தூக்கினு போறவ பேசக் கூடாது, ஓடக் கூடாது, பின்னாடி உங்கம்மாவே கூப்ட்டாலும் திரும்பக் கூடாது. புரியுதா?" என்றாள். பிள்ளைகள் தலையாட்டின. எங்கள் கோர் ரூமில் எல்லோருக்கும் அதுதான் முதல் பாடம், எனக்கும் அதுதான்.

பக்கத்துச் சுவரில் காதில் மாட்டிக் கேட்கிற கருவிகள் தொங்கின. ஒன்றை எடுத்து மாட்டினேன். லூர்துவின் குரல். "எங்க செட்டுல ஒருத்தி இருந்தா. மாசமா இருந்தா. இன்னும் நாள் கீதுன்னு வேலைக்கு வந்துனு இருந்தா. ஒருநாளு உலைல ஊத்தினு கீறாங்க, இங்க அவளுக்கு வலி வந்துச்சி..." அதற்குள் நீ வந்துவிட்டாய். நீலச் சட்டையை உள்ளே விட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளிடம் சொன்னாய்: "இங்க இருக்கறதுலயே எனக்கு ரொம்பப் புடிச்ச கதை இதுதான். இந்த அம்மா யாருன்னு தேடிட்டு இருக்கேன். அந்தக் குழந்தைக்கு இப்ப என் வயசு இருக்கலாம்." ஒரு சின்னப் பெண் கேட்டாள், "அண்ணா, அந்தப் பாப்பா செத்துடுச்சா?" நீ குனிந்து அவளிடம், "இல்லடா, அழுதுச்சாம். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல" என்றாய். உன் கண் கலங்கியிருந்ததை நான் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

அதுக்கப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். அந்தப் பாப்பாவுக்கு அம்மை வார்த்தது, ஏழாவதில் கணக்கில் கோட்டை விட்டது, டிப்ளமா முடித்துக் கம்பெனி கம்பெனியாகக் கான்ட்ராக்டில் அலைந்தது, இப்போது நீலச் சட்டை போட்டுக்கொண்டு மைக் பிடித்து நின்றது. நீதான் அது. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் பிறந்ததாக உன் சான்றிதழில் இருக்கிறது, நானும் அப்படியே சொல்லி வளர்த்தேன். ஆஸ்பத்திரிக்கு நீ பிறந்த பிறகுதான் போனோம். நீ பிறந்தது அந்த அடுப்புக்குப் பக்கத்தில், மணல் கொட்டிய தரையில், பெண்கள் புடவையை விரித்துப் பிடித்து நின்ற மறைவில்.

லூர்து சொன்னது அவள் பார்த்த கதை. படுத்திருந்தவள் கதையை நான் சொல்கிறேன். ஒருத்தி ஓடிப்போய்ப் புது பிளேடு வாங்கி வந்து கொடியை அறுத்தாள். நீ அழவில்லை. லூர்து தன் துணியை முன்கைகள்மேல் போட்டு, உன்னைக் கிடத்தி எழுந்தாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஃபர்ஸ்ட் எய்ட் அறையில் கம்பவுண்டர் இருந்தார், அங்கே போகிறாள் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. "லூர்து, குடு" என்றேன். திரும்பவில்லை. "எங்கடி எடுத்துனு போற?" என்று கத்தினேன். திரும்பவில்லை. உயிர் போகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓட வேண்டாமா? அவள் நடந்தாள். மெதுவாக நடந்தாள். பிள்ளை போய்விட்டது, அதனால்தான் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து சுவருக்கு அந்தப் பக்கம் நீ அழுகிற சத்தம் கேட்டது. கம்பவுண்டர் கைக்குப் போகும் முன்பே, முற்றத்து நடுவில், அவள் கையில் நீ அழுதாய். உன் அப்பா அந்த நேரம் உருகின இரும்பைப் பிடித்திருந்தார். ஊற்றத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. காதில் விழுந்ததாக மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை ஏன் இத்தனை காலம் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். ஆம்பளைகள் நடமாடும் இடத்தில் பிள்ளை பெற்றது கேவலம் என்று உன் அப்பா வீட்டார் பேசினார்கள், அதனால்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. சொன்னால் அவளையும் சொல்ல வேண்டும். முதலில் தூக்கியவள் அவள், முதல் அழுகையைப் பார்த்தவள் அவள் என்று சொல்ல வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாக அவளைத்தான் நிறுத்துவேன் என்று கோர் ரூமே நினைத்துக்கொண்டிருந்தது. நான் என் அண்ணியை நிறுத்தினேன். லூர்து சின்னதாக வெள்ளைக் குல்லாய் ஒன்று பின்னி எடுத்துவந்திருந்தாள், உன் தலையில் போடவிடாமல் வாங்கிப் பையில் திணித்துக்கொண்டேன். அவள் கோயில் கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போனாள்.

அன்றைக்கு மியூசியத்தில் பிள்ளைகளோடு நீ உலைப் பக்கம் போனபின், நான் அவள் மேஜைமுன் போய் நின்றேன். முந்தானையை விலக்கினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். "வந்துட்டியா? இத்தினி நாளு ஆச்சா ஒனக்கு?" என்றாள். நான் சண்டைக்குத்தான் போனேன். "என் கதைய எவளக் கேட்டுச் சொன்ன?" என்றேன். அவள் கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு, "பேரு சொன்னனா? அது ஒன்னுது, நீதான் சொல்லணும்னு வுட்டு வெச்சிகீறேன். யாரு, யாருன்னு ஒம்புள்ள என் வாயப் புடுங்கறான். பத்திரிக வெக்க வந்தப்பகூடக் கேட்டான். கல்யாணம் முட்ச்சி புது வேலைக்குக் கோயமுத்தூருக்குப் போறதுக்குள்ள அந்தம்மாவக் கண்டுபுட்ச்சிடணும், லூர்தம்மான்னு ஒரே நச்சு. வூட்ல போயி ஒங்கம்மாவக் கேளுடான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சி" என்றாள்.

நான் விடவில்லை. "அன்னிக்கு நான் கத்துனனே, காது கேக்கலியா ஒனக்கு? ஏன் திரும்பல?" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கேட்டுச்சி. எப்டிடி திரும்பறது? கையில மெத்துனு ஒண்ணு கீது, உதுந்துடுமோன்னு பயம். வாயத் தொறந்தா கை ஆடிடும். காலு தானா அந்த நட நடந்துச்சி, ஓடணும்னே தோணல. பச்சக் கோர் தூக்கனவதான நீயும்?" என்றாள். நானும் அந்த நடை நடந்தவள்தான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்குத் தோன்றவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் தோன்றவில்லை. இந்த இடத்தில் நாங்கள் கட்டிக்கொண்டு அழுதோம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. "டீ சாப்ட்றியா?" என்றாள். "வேணாம்" என்று வந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போதும் எரிச்சல் போகவில்லை. என் கதையைப் பேர் சொல்லாமல் அத்தனை பத்திரமாக வைத்திருக்கிறாளே, அதற்கும் சேர்த்துப் பொறாமையாக இருந்தது.

கல்யாணப் பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம், அதனால் ஒன்று சொல்கிறேன். உன் பெண்டாட்டி கூப்பிட்டால் பதில் சொல். கையில் என்ன இருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய வேலையாக இருந்தாலும் சரி, "இரு, வரேன்" என்று ஒரு வார்த்தை. நீ அவளுக்காகவே ஓடிக்கொண்டிருப்பாய், ஆனால் படுத்திருப்பவளுக்குத் தெரிவது உன் முதுகு மட்டும்தான். உன் அப்பா வாயில்லாத மனிதர், லூர்து அன்றைக்கு வாய் திறக்கவில்லை, நானும் உன்னிடம் வாய் திறக்கவில்லை. மூன்று பேருமே உன்மேல் உயிரை வைத்தவர்கள்தான், யாருக்கு என்ன லாபம்? இன்னொன்று, வெளியாட்களிடம் கேட்பதுபோல் வீட்டாரிடமும் உட்கார்ந்து கேள். ஷூ மாட்டிக்கொண்டு கேட்காதே. அந்தப் பெண் ஹாஸ்டலில் என்ன சாப்பிட்டது, எந்த லைனில் எத்தனை நேரம் நின்றது, யார் திட்டினார்கள் என்று கேள். முதல் தடவை "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லும். எழுந்து போய்விடாதே.

நீ தேடுகிற அம்மா கிடைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன், பேரோடு சொல்கிறேன். அவள் குரல் தொங்குகிற சுவரில் என் குரலையும் மாட்டு. அவளுடையதற்கு முன்னால் மாட்டு. யார் வேண்டுமானாலும் கேட்கட்டும், இந்தக் கடிதத்தையே நீ அங்கே ஒட்டி வைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. உனக்கு ஒன்று தெரியுமா? பத்திரிகையோடு உனக்குத் தெரியாமலேயே நீ சரியான வீட்டுக்குத்தான் போயிருக்கிறாய். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லூர்து வரக்கூடாது என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். இப்போது மாற்றிச் சொல்கிறேன், போய் அவளைக் கூட்டி வா. நான் எவ்வளவு சொன்னாலும் என் கதையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன், அந்தப் பக்கம் நீ வாயைத் திறந்து அழுதாய். அந்த நேரத்தில் உன் முகம் எப்படி இருந்தது என்று உலகத்திலேயே பார்த்த ஒரே ஆள் அவள். இத்தனை வருஷம் அவளைக் கண்டால் எனக்கு ஆகாமல் போனதே அந்த முகத்துக்காகத்தான். கண் திறந்திருந்ததா, யார் சாயல் இருந்தது, கையை ஆட்டினாயா, எனக்கு ஒன்றுமே தெரியாது. எனக்குக் கேட்க வாய் வராதப்பா. நீ கேள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அம்மா